ஐந்தரை மணிக்கு விழித்திருக்கும் வீடு

மார்ச் 3

கணக்கெடுக்க வந்த அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் என் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டில் இருந்த முகவரிக்கு எழுதுகிறேன். உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் பற்றியும் என் வீட்டைப் பற்றியும் உங்களுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. தாளை முழுவதும் நிரப்பிக்கொண்டு போய்விட்டீர்களாமே.

எதிரே இஸ்திரி போடுபவர்தான் சொன்னார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். நேற்று சாயங்காலம் சட்டையை மடித்துக்கொண்டே கூப்பிட்டு, "சுகாதாரக் கணக்கு எடுக்க ஒரு அம்மா வந்தாங்க, தங்கச்சி. உங்க வீடு குலுக்கல் சீட்டுல விழுந்திருக்காம். கதவு பூட்டியிருந்துச்சு. நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்களை விட்டுக்கொடுக்கலை" என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமை.

அவர் விட்டுக்கொடுக்காமல் சொன்னவை இவை: வீட்டில் இரண்டு பேர். புருஷன் சும்மா இருக்கிறார். குளிர்சாதனப் பெட்டி உண்டு. நோய் நொடி எதுவும் இல்லை, ஒரு தும்மல்கூடக் கிடையாது.

அம்மா, கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கொழுந்தனார் ஒரு கிடங்கில் இரவுக் காவல். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் மாலை ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். அதனால் வீட்டில் அவருக்கு ஆந்தை என்று பெயர். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அவர் தூங்குகிற நேரத்தில் நான் தையல் மெஷினை ஓட்டுவதில்லை, போனில் பேசுவதில்லை, கதவைத் தட்டினால் திறப்பதும் இல்லை. தலையணை உறைகளுக்குப் பொத்தான் வைப்பேன். சத்தமில்லாத வேலை அது ஒன்றுதான். இன்றைக்கு இன்னொன்றும் கண்டுபிடித்திருக்கிறேன், உங்களுக்குக் கடிதம் எழுதுவது.

குளிர்சாதனப் பெட்டி இருப்பது உண்மை. ஓடி நான்கு வருடமாகிறது. அதற்குள் நூல்கண்டு வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு என் வீட்டுத் தாளை எழுத வாருங்கள்.

இப்படிக்கு,
தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்காரி

மார்ச் 6

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் வருத்தம் புரிகிறது. சிலவற்றை விளக்கினால் மனம் ஆறும் என்று நம்புகிறேன்.

ஊரில் உள்ள எல்லா வீட்டையும் நாங்கள் கேட்பதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்த முறைதான். குலுக்கலில் விழுந்த வீடுகளுக்கு மட்டும் போகிறோம். நோயைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்குத் தரை எப்படி, கூரை எப்படி, அடுப்பு என்ன, எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறீர்கள் என்ற விசாரணை எதற்கு என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் தினமும் பள்ளிக்குத் தாமதமாக வருகிறார்கள். ஒருவன் வீடு பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிறது. இன்னொருவன் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறான். வருகைப் பதிவேட்டில் இரண்டும் ஒரே தாமதம்தான். வீட்டைப் பார்த்தால்தான் வேறு வேறு தாமதம் என்று தெரியும். நோயும் அப்படித்தான்.

மூன்று முறை வந்தும் உங்கள் கதவு திறக்கவில்லை. அதனால்தான் அக்கம்பக்கத்தில் விசாரிக்க நேர்ந்தது. ஒன்றிரண்டு கட்டங்கள் தவறியிருக்கலாம். பல ஆயிரம் வீடுகளுக்கு நடுவில் அது பெரிய பிழை ஆகாது. தாளும் மேற்பார்வையாளரிடம் போய்விட்டது. இந்த மாதக் கடைசியில் கணக்கு முடிகிறது.

உங்கள் கொழுந்தனாரின் தூக்கத்தைக் கெடுத்திருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்,
கணக்கெடுப்பாளர்

மார்ச் 9

கணக்கெடுக்கும் அம்மாவுக்கு,

உங்கள் உதாரணம் நன்றாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால்தானே பதம் தெரியும். நீங்கள் என் பானையைத் திறக்கவே இல்லை. வெந்துவிட்டதா என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறீர்கள். அவரும் பாவம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, வெந்து இறக்கியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

அப்புறம் மூன்று முறை. ரேடியோவிடம் கேட்டேன். பத்தரைக்கு ஒரு தடவை தட்டினீர்களாம். அவருடைய பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தீர்களாம். பதினொன்றுக்கு ஒரு தடவை, பதினொன்றேகாலுக்கு ஒரு தடவை. முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள் என்றும் சொன்னார். வெயிலில் வந்திருக்கிறீர்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே காலையில் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டியதை மூன்று முறை என்று சொன்னால், ஒரே சட்டையை மூன்று தடவை எண்ணிக் காட்டுவது மாதிரி இருக்கிறது.

கோபத்துக்காக மட்டும் எழுதவில்லை. அந்தத் தும்மல்கூடக் கிடையாது என்ற பதிலுக்காக எழுதுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் கல் அறுக்கும் பட்டறை இருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே பதினாறு வருடம் வேலை பார்த்தார். இரண்டு வருடமாக இருமல். படுத்தால் மூச்சு நிற்காமல் வாங்குகிறது. அதனால் நாற்காலியில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார். ஊருக்கெல்லாம் தலையணை உறை தைக்கிறவள் வீட்டில் கட்டிலில் தலை வைக்க ஒரு தலையணை மிஞ்சுவதில்லை. இந்தத் தெருவில் இப்படி இருமுகிறவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். பட்டறைக்காரரிடம் போய் நின்றால், "கணக்கு ஏதாவது இருக்கா? வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க" என்கிறார்.

இப்போது கணக்கு வந்திருக்கிறது. இந்தத் தெருவில் குலுக்கலில் விழுந்தது எங்கள் வீடு மட்டும்தான் என்று நீங்களே ரேடியோவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தெருவுக்கே நாங்கள்தான் வாய். அந்த வாய் தும்மல்கூட இல்லை என்று சொல்லிவிட்டது.

ஒன்றிரண்டு கட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு கட்டத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 13

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். போன கடிதத்தில் மூடி எழுதியதை இப்போது திறந்து எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்து நான்கு வருடம். தேர்வு அறையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம், பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதாதே என்பதுதான். ஒருமுறை ஒரு பையன் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து, கடைசியில் அவனுடைய பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டான். வருடா வருடம் அந்தக் கதையைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பேன். இப்போது அறுபத்தொரு வயதில், உங்கள் வீட்டுக்கான பதிலை எதிர்வீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் எங்கே இருக்கிறானோ, அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் விதி இதுதான்: வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் ஆள் இல்லை என்றே எழுத வேண்டும். வெளியாள் சொன்னதை எழுதவே கூடாது. காலி விட்ட தாளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அது பழைய வியாதி.

நேற்று மேற்பார்வையாளரிடம் போய் உங்கள் தாளைத் திரும்பக் கேட்டேன். மரியாதையான மனிதர்தான். "விடுங்கம்மா. ஒண்ணைத் திறந்தா உங்க தாள் எல்லாத்தையும் சந்தேகப்படணும். அப்புறம் அடுத்த சுற்றுல உங்களுக்கு நான் வேலை கேட்க முடியாது" என்றார். இன்னொன்றையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டைப் போல இன்னும் ஆறு வீடுகளை நான் அடுத்தவர் வாயால் எழுதியிருக்கிறேன்.

இந்த வேலை போனால் பட்டினி இல்லை. ஆனால் வீட்டில் மகனும் மருமகளும், நீங்க சும்மா உட்காருங்க அம்மா என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். கழுத்தில் இந்த அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுத்துவிட்டதாக உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

மார்ச் 16

டீச்சரம்மாவுக்கு,

சும்மா உட்காருங்க என்ற வார்த்தை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் நானே சொல்வதுண்டு. உங்கள் கடிதம் வந்த பிறகு சொல்லவில்லை.

உங்கள் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுத் தாள் பொய்யாகப் போகவும் சம்மதிக்க மாட்டேன். இந்த இரண்டு துணியையும் ஒட்டுத் தையல் போட்டு இணைக்க எனக்குத் தெரியவில்லை. வெட்டியது நீங்கள். தைக்க வேண்டியதும் நீங்கள்தான். நான் செய்யக்கூடியது, நேரம் சொல்வது.

மாலை ஐந்தரைக்கு வாருங்கள். ஆந்தை ஐந்துக்கு எழுந்து, ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் மூன்று பேரும் விழித்திருப்போம். ஆந்தை சம்மதம் சொல்லிவிட்டார். "என்னையும் ஒரு ஆளா எண்ண ஒருத்தர் வர்றாங்கன்னா, குளிச்சிட்டே உட்கார்றேன் அண்ணி" என்றார்.

சிக்கல் என் வீட்டுக்காரரிடம். இத்தனை கடிதம் யாருக்காக எழுதினேனோ அவரே மாட்டேன் என்கிறார். இருமல் நின்றதும் திரும்ப வரலாம் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்களாம். இருமுகிறவன் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும் என்று பயப்படுகிறார். இரண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்த மூன்று தலையணை மேல் அல்ல. நான் சண்டை போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை.

நீங்கள் வந்து கேளுங்கள். மாட்டேன் என்று அவர் வாயால் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதுவாவது எங்கள் வீட்டுப் பதிலாக இருக்கும்.

மார்ச் 20

அன்புள்ள அம்மா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழு வீட்டின் எண்களையும் வரிசையாக எழுதி, இவை வெளியாட்கள் சொன்ன பதில்கள், தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன். பேனா பாதியில் மை தீர்ந்து மானத்தை வாங்கியது. மேற்பார்வையாளரே தன் பேனாவைக் கொடுத்தார். ஏழு வீட்டையும் 28ஆம் தேதிக்குள் முறைப்படி எழுதித் தர வேண்டும், அதற்குப் பிறகு அடையாள அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். சரி என்றேன். என்னுடைய மற்ற தாள்களையும் வேறொருவர் போய்ச் சரிபார்ப்பாராம். அதற்கும் சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தேர்வுத்தாளில் பதிவெண் போடுவது மாதிரி. திருத்துகிறவருக்கு யார் எழுதியது என்று தெரியாது. பட்டறைக்கு எந்த வழியிலும் போகாது.

என் வருத்தம் ஒன்றுதான். உங்கள் கதவைச் சாயங்காலம் ஒரே ஒரு முறை தட்டியிருந்தால் போதும். எனக்குச் சாயங்காலம் முழங்கால் வலிக்கும் என்று காலையிலேயே எல்லா வீட்டையும் முடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் என் முழங்காலுக்குத் தகுந்தபடி விழித்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

மார்ச் 26

டீச்சரம்மாவுக்கு,

நேற்றுமுன்தினம் நீங்கள் போனதும் ஆந்தை வேலைக்குத் தாமதமாகிவிட்டது என்று ஓடினார்.

உங்கள் பதிவெண் உதாரணம் என் வீட்டுக்காரரிடம் எடுபடவில்லை பார்த்தீர்களா. "பட்டறையிலயும் நான் நம்பர்தாம்மா. நம்பரை வச்சே ஆளைப் பிடிச்சிடுவாங்க" என்றாரே, எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. முப்பத்து நான்கு வருடத்தில் உங்களுக்கு இப்படி ஒரு மாணவன் கிடைத்திருக்க மாட்டான்.

நீங்கள் வற்புறுத்தவில்லை. இருமல் கேள்வியைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போனீர்கள். போன மாதம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டீர்கள். அவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். "சும்மாதான் இருக்கேன்."

அப்போது ஆந்தை வாயைத் திறந்தாரே. "அப்ப உறைக்கெல்லாம் நூல் வெட்டி, மடிச்சு, கட்டுக்கட்டாக் கட்டி வைக்கிறது யாரு? நானா? நான் தூங்கிட்டுல்ல இருக்கேன்."

ஒரு நாளைக்கு எத்தனை உறை என்று கேட்டீர்கள். அறுபது என்றேன் நான். எழுபது என்று வீட்டுக்காரர் திருத்தினார். அப்படியானால் நீங்கள் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர், உங்களுக்கு வேறு கட்டம் என்று சொல்லிவிட்டு நீங்கள் குனிந்து எழுதினீர்கள். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் முகத்தை நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டு வருடமாகப் பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த முகம், உங்கள் பேனா முனை எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று பார்த்தது. டிக் விழுந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான், "சரி, அந்த இருமலையும் எழுதிக்கோங்க. ரெண்டு வருஷம்னு போடுங்க. கூட ரெண்டு மாசம்" என்றார்.

கடைசியில் ரத்த அழுத்தம் பார்க்க மூன்று பேரில் ஒருவரைப் பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள். என் எண் விழுந்தது. வேண்டாம், அவரைப் பாருங்கள் என்றேன். பட்டியல் சொன்னால் சொன்னதுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். மூன்று தடவை பார்த்தீர்கள், மூன்று தடவையும் அதிகம். முறைப்படி இடைவெளி விட்டுத்தான் பார்த்தீர்கள் என்பதால் நான் மறுக்க முடியவில்லை.

நீங்கள் எழுதிக் கொடுத்த மருத்துவமனைச் சீட்டை நூல்கண்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், அதாவது குளிர்சாதனப் பெட்டிக்குள். அவர் போய் எடுத்து வந்து என் மெஷின் மேல் வைத்துவிட்டார். "என் இருமலை நான் சொல்லிட்டேன்ல, நீயும் போ" என்றார். திங்கட்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.

ஏப்ரல் 1

அன்புள்ள அம்மா,

ஏழு வீடும் முடிந்தது. ஒரு வீட்டில் நான்கு பேர் என்று எழுதியிருந்தேன், உண்மையில் ஒன்பது பேர். இன்னொரு வீட்டில் உடம்பு முடியாத அம்மாவைப் பின்னறையில் வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்கு அவர் இருப்பதே தெரியாது. நான்காவது வீட்டில் பதில் சொல்ல விருப்பமில்லை என்றார்கள். அதை அப்படியே எழுதினேன்.

அட்டையை நேற்று ஒப்படைத்தேன். மேற்பார்வையாளர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, உங்கள் ஏழு தாளும் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அடுத்த சுற்றைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் மருமகள் சும்மா உட்காருங்க அம்மா என்றாள். உட்கார முடியாது, மாலை ஐந்தரை மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நடந்து பழகலாம் என்றிருக்கிறேன், முழங்காலுக்கு.

மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். இது கணக்குக்காகக் கேட்பதல்ல.

ஏப்ரல் 9

டீச்சரம்மாவுக்கு,

எனக்கு மாத்திரை. தினமும் ஒன்று, காலையில். அவருக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். கல் தூசி உள்ளே இறங்கியிருக்கிறது என்றார்கள். திரும்பப் பட்டறைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெருமுனைக்கு வந்ததும், தன்னைப் போல இருமுகிறவர்கள் இருக்கும் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினார். படம் எடுக்க எந்த நாளில் போக வேண்டும், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நேற்று மூன்று பேரைத் தானே கூட்டிப் போனார். நூல் வெட்டும் வேலை மீந்துபோய்விட்டது. அதை நானே முடித்தேன்.

இன்னொரு விஷயம். உங்கள் தாள்களைச் சரிபார்க்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் நேற்று வந்தாள். காலை பதினொரு மணி. கதவைத் தட்டினாள். ஆந்தை நல்ல தூக்கம். நான் வழக்கம்போலப் பொத்தானும் ஊசியுமாக மூச்சுவிடாமல் இருந்தேன். அவள் எதிர்ப்பக்கம் போய் ரேடியோவிடம் கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. "அந்த வீட்டுல எத்தனை பேர் இருக்காங்க, ஐயா?"

டீச்சரம்மா, என் கை அப்படியே நின்றுவிட்டது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல். "என்னைக் கேட்காதேம்மா. நான் சொன்னா எல்லாரையும் பணக்காரனாவும் பயில்வானாவும் ஆக்கிடுவேன். அஞ்சரைக்கு வா. அப்பத்தான் அந்த வீடு முழிச்சிருக்கும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அறை முழுக்கக் கேட்கும்படி சிரித்துவிட்டேன். ஆந்தை எழுந்து உட்கார்ந்து, அண்ணி, மணி அஞ்சாயிடுச்சா என்றார்.